முப்பத்தைந்து வயதுப் பாரம்பரியம்: டெக்னோ தலைமுறை தாண்டியது எப்படி?

2024 மார்ச்சில் ஜெர்மனி, பெர்லின் நகரின் டெக்னோ கலாச்சாரத்தைத் தன் அருவப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு செப்டம்பரில், அந்த நகரின் பெயர்பெற்ற டெக்னோ கிளப்புகளில் ஒன்றான வாட்டர்கேட், டிசம்பர் 31-உடன் கதவை மூடப்போவதாக அறிவித்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தவர்கள் குழம்பியதில் வியப்பில்லை. பாரம்பரியம் என்றால் பாட்டன் பூட்டன் காலத்தது என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். டெக்னோவோ கணினியில் தட்டி எடுக்கும் இளவட்டங்களின் இசை என்று பலரும் நினைப்பது. அது எப்படிப் பாரம்பரியம் ஆயிற்று? ஆயிற்று என்றால், அதை வளர்த்த இடங்களை ஏன் மூடுகிறார்கள்?

இரண்டு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்கு டெக்னோவில் கைமாற்றிக் கொடுத்தது பாட்டுகளைவிட ஆடும் பழக்கத்தையும் அந்தப் பழக்கம் நடக்கும் அறைகளையும்தான். பழக்கம் பட்டியலில் ஏறிவிட்டது. அறைகளுக்கு வாடகை ஏறிவிட்டது.

பட்டியலில் ஏறியது எது?

யுனெஸ்கோ டெக்னோவை உலகப் பாரம்பரியமாக அறிவித்தது என்று பல இடங்களில் செய்தி வந்தது. அது சரியல்ல. அருவப் பாரம்பரியத்தைக் காப்பதற்காக யுனெஸ்கோ 2003-இல் ஓர் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. கோயில், கோட்டை போலத் தொட்டுப் பார்க்கக்கூடியவை இதில் வராது. ஆட்டம், பாட்டு, கைத்தொழில், சடங்கு போல, மனிதர்கள் செய்துகொண்டே இருந்தால்தான் உயிரோடு இருப்பவை வரும். உடன்படிக்கையில் சேர்ந்த ஒவ்வொரு நாடும் முதலில் தனக்கென ஒரு பட்டியல் வைத்துக்கொள்கிறது. அதிலிருந்து தேர்ந்தெடுத்து உலகப் பட்டியலுக்குப் பரிந்துரைக்கலாம். யோகா 2016-லும் கொல்கத்தாவின் துர்கா பூஜை 2021-லும் ஏறியது அந்த உலகப் பட்டியலில். பெர்லின் டெக்னோ இருப்பது ஜெர்மனியின் தேசியப் பட்டியலில். சுவிட்சர்லாந்து அதற்கு முன்பே, 2017-இல், சூரிக் நகரின் டெக்னோ கலாச்சாரத்தைத் தன் தேசியப் பட்டியலில் சேர்த்திருந்தது.

இத்தனை ஆண்டு பழையதாக இருக்க வேண்டும் என்று உடன்படிக்கை எங்கும் கேட்கவில்லை. அது கேட்பது வேறு: தலைமுறையிலிருந்து தலைமுறைக்குக் கைமாற வேண்டும், கைமாறும்போது அதைப் புழங்குகிற சமூகம் அதை இடைவிடாமல் புதுப்பித்துக்கொண்டும் இருக்க வேண்டும். ஆகவே பெர்லின்காரர்கள் காட்ட வேண்டியிருந்தது டெக்னோவின் வயதை அல்ல, கைமாற்றத்தை. லவ் பரேட் ஊர்வலத்தைத் தொடங்கிய டாக்டர் மோட்டேயும் அவர் சார்ந்த ரேவ் த பிளானட் அமைப்பும் இதற்காகப் பல ஆண்டுகள் உழைத்தனர்.

இந்தப் பட்டியல் தருவதும் தராததும்:

1. பணம் தராது. பட்டியலில் இருப்பதாலேயே எந்தக் கிளப்புக்கும் மானியம் வராது.

2. கட்டடத்தைக் காக்காது. காக்கப்படுவது பழக்கம், அந்தப் பழக்கம் நடக்கும் அறையை உரிமையாளர் விற்கலாம், இடிக்கலாம்.

3. பேச்சுக்கு வலிமை தரும். நகராட்சியிடம் இடம் கேட்கும்போதும், ஒலி பற்றிய புகாருக்குப் பதில் சொல்லும்போதும், “நாங்கள் கேளிக்கைக் கூடம் இல்லை” என்று சொல்ல ஒரு சான்று கையில் இருக்கும்.

டெக்னோ என்பது எது?

துடிப்பான மின்னணு இசை எதுவாக இருந்தாலும் அதை டெக்னோ என்று சொல்லிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. வேறுபாட்டைக் காதால் பிடிப்பது அவ்வளவு கடினமில்லை. எண்ணிக்கை நான்கு, சதுஸ்ர நடை. ஒவ்வொரு எண்ணிக்கையிலும் தவறாமல் ஒரு கிக் டிரம் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) அடி விழும். இரண்டு அடிகளுக்கு நடுவே, கர்நாடக இசைக்காரர்கள் அரை இடம் என்பார்களே, அங்கே ஹை-ஹேட் என்ற ஜோடித் தட்டின் உலோகச் சீறல். நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதைப் பிபிஎம் என்ற அளவால் சொல்வார்கள். டெக்னோ பெரும்பாலும் 120-க்கும் 150-க்கும் இடையில் ஓடும்.

இதன் நெருங்கிய உறவு, சிகாகோவில் பிறந்த ஹவுஸ். அதில் பாடகரின் குரலும் தேவாலய இசையின் உருக்கமும் இருக்கும். டிரான்ஸ் என்பது நீண்ட மெட்டுகளை ஏற்றி இறக்கிக் கேட்பவரை உணர்ச்சி உச்சத்துக்குக் கொண்டுபோவது. இடிஎம் என்பது 2010 வாக்கில் அமெரிக்க வணிக உலகம் பெரிய அரங்குகளுக்கான மின்னணு நடன இசைக்கு வைத்த பொதுப்பெயர். டெக்னோவில் பல்லவி, சரணம் கிடையாது. பெரும்பாலும் சொற்களும் கிடையாது. ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும். அதற்குள் ஒரு ஒலி மெல்லத் திறக்கும், இன்னொன்று மெல்ல மறையும். ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேட்பவருக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றும். ஐந்து மணி நேரம் ஆடுபவருக்கு அந்தச் சிறு மாற்றம் ஒவ்வொன்றும் உடம்பில் தெரியும். டெக்னோவை அளக்க வேண்டிய அலகு பாட்டு அல்ல, இரவு.

இதைச் செய்த கருவிகளின் கதை நம் பேச்சுக்கு மிகவும் வேண்டியது. ரோலண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம் 1980-இல் டிஆர்-808 டிரம் மெஷினையும், 1983-இல் டிஆர்-909-ஐயும் வெளியிட்டது. இடையில் டிபி-303 என்ற சிறு பெட்டி வந்தது. தனியாகப் பயிற்சி செய்யும் கிடார்க்காரருக்குத் துணையாகப் பேஸ் கிடார் வாசிப்பது அதன் வேலை. உண்மையான பேஸ் கிடார் போல அது ஒலிக்கவே இல்லை, விற்பனை படுத்தது. சில ஆண்டுகளில் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். இந்தப் பெட்டிகளெல்லாம் பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதால்தான் சிகாகோவிலும் டெட்ராய்ட்டிலும் கையில் காசில்லாத இளைஞர்கள் அவற்றை வாங்க முடிந்தது. 1987-இல் பியூச்சர் என்ற சிகாகோ குழு 303-இன் திருகுகளைத் தாறுமாறாகத் திருகி வெளியிட்ட இசைத்தட்டிலிருந்து ஆசிட் ஹவுஸ் என்ற வகையே கிளம்பியது.

அதற்கு ஐந்தாண்டு முன்னால், 1982-இல், மும்பையில் சரண்ஜித் சிங் என்ற திரையிசைக் கலைஞர் இதே 303-ஐயும் 808-ஐயும் வைத்து, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். இன்று கேட்டால் ஆசிட் ஹவுஸ் போலவே இருக்கிறது. அன்று அதைக் கவனித்தவர் அநேகமாக இல்லை. 2010-இல் மறுவெளியீடு வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. கருவி அதேதான், திறமைக்கும் குறைவில்லை. ஆனால் அந்தத் தட்டைப் போட்டு விடியும்வரை ஆட மும்பையில் ஓர் அறை இல்லை. அதைக் கேட்டு அடுத்த தட்டைச் செய்ய ஒரு கூட்டமும் இல்லை. ஆகவே அதற்கு வாரிசும் இல்லை. இசை தலைமுறை தாண்டுவதற்குக் கண்டுபிடிப்பு மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

கார் நகரத்தின் பிள்ளைகள்

டெக்னோவின் பிறப்பிடம் பெர்லின் அல்ல, அமெரிக்காவின் டெட்ராய்ட். 1950-இல் சுமார் 18.5 லட்சம் பேர் வாழ்ந்த கார் தொழில் நகரம் அது. ஆலைகள் புறநகருக்கும் வெளியூருக்கும் நகர்ந்தன, வெள்ளையர்கள் வெளியேறினார்கள், 1967-இல் பெரும் கலவரம் வெடித்தது. 1990-இல் மக்கள்தொகை பத்து லட்சத்தைச் சற்றே தாண்டி நின்றது.

அந்த நகரை ஒட்டிய பெல்வில் என்ற சிற்றூரின் உயர்நிலைப் பள்ளியில் படித்த மூன்று கறுப்பின மாணவர்கள் ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன். மூவரும் 1962-க்கும் 1964-க்கும் இடையில் பிறந்தவர்கள். இரவு வானொலியில் எலக்ட்ரிஃபையிங் மோஜோ என்ற புனைபெயர் கொண்ட அறிவிப்பாளர், இது கறுப்பர் இசை, இது வெள்ளையர் இசை என்று பிரிக்காமல் எல்லாவற்றையும் கலந்து போடுவார். பாடகர் பிரின்ஸ், பார்லிமென்ட் என்ற இசைக்குழு ஆகியோருக்கு அடுத்து, ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரத்துக் கிராஃப்ட்வெர்க் குழுவின் இயந்திர இசை வரும். அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்குச் சொந்தமான முதல் தொலைக்காட்சி நிலையமும் 1975-இல் டெட்ராய்ட்டில்தான் தொடங்கியது. அதன் நடன நிகழ்ச்சிகளில் உள்ளூர்ப் பிள்ளைகள் இந்த இசைக்கு ஆடியதை வீட்டில் இருந்தவர்கள் பார்த்தார்கள்.

அட்கின்ஸ் 1981-இல் சைபோட்ரான் என்ற பெயரில் முதல் தட்டை வெளியிட்டார். 1985-இல் மெட்ரோபிளெக்ஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். எதிர்காலவியல் எழுதிய ஆல்வின் டாஃப்லரின் நூலில் வரும் ‘டெக்னோ கலகக்காரர்கள்’ என்ற தொடர் அவரைப் பிடித்துக்கொண்டது. 1988-இல் டெட்ராய்ட்டின் புதிய இசையை ஒரு தொகுப்பாக இங்கிலாந்தில் வெளியிட்டபோது, ஹவுஸ் என்ற பெயரிலேயே விற்பதாக இருந்தார்கள். அட்கின்ஸ் தந்த பாட்டின் தலைப்பில் டெக்னோ என்ற சொல் இருந்தது. தொகுப்பின் பெயர் மாறியது, இசை வகைக்கும் பெயர் கிடைத்தது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 1988 மே மாதம் டெட்ராய்ட் நகர மையத்தில் மியூசிக் இன்ஸ்டிடியூட் என்ற கிளப் திறந்தது. மது இல்லை, விடியும்வரை ஆட்டம். 1989 நவம்பரில் அது மூடிவிட்டது. டெக்னோ தன் சொந்த ஊரில் தனக்கென வைத்திருந்த வீடு ஒன்றரை ஆண்டுதான் நின்றது. அடுத்த தலைமுறைக் கறுப்பின இளைஞர்களில் பெரும்பாலோர் ஹிப்ஹாப் பக்கமும், உள்ளூரில் கெட்டோடெக் என்று பெயர்பெற்ற அதிவேக இசையின் பக்கமும் போனார்கள். மூத்தவர்கள் வாரக்கடைசிகளில் ஐரோப்பாவுக்கு விமானம் ஏறினார்கள்.

மியூசிக் இன்ஸ்டிடியூட் மூடிய அதே மாதத்தில்தான் பெர்லின் சுவர் விழுந்தது.

காலி நகரத்தின் நிலவறை

பெர்லினில் மூன்று நிலைமைகள் ஒன்றுகூடின.

1. நேரம். மேற்கு பெர்லினில் 1949 முதல் மதுக்கூடங்களுக்கு மூடும் நேரக் கட்டுப்பாடு இல்லை. ஓர் ஓட்டல் உரிமையாளர் அமெரிக்க அதிகாரிகளிடம் பேசி வாங்கிய சலுகை அது. லண்டனிலும் பாரிஸிலும் இப்படி இல்லை. டெக்னோவுக்கு இரவுதான் அலகு என்றால், இரவை நீட்ட அனுமதிக்கும் ஊரில்தான் அது முழு உருவம் எடுக்கும்.

2. இடம். கிழக்கு பெர்லினில் ஆலைகள், கிடங்குகள், மின்நிலையங்கள் காலியாகக் கிடந்தன. நாஜிகள் பறித்தவை, கம்யூனிஸ்ட் அரசு எடுத்துக்கொண்டவை என்று பல கட்டடங்களின் உரிமை யாருடையது என்பதே தெளிவாகவில்லை. தெளிவாகும்வரை ஒரு விளக்கு, ஒரு ஜெனரேட்டர், ஒலிபெருக்கி போதும்.

3. கூட்டம். இருபத்தெட்டு ஆண்டுகள் சுவரால் பிரிந்திருந்த நகரின் இரு பக்கத்து இளைஞர்கள். பேச்சு, உடை, பணம் எல்லாவற்றிலும் வேறுபட்டவர்கள். சொற்களில்லாத இசையில் இருவருக்கும் சமமான இடம் கிடைத்தது. கிழக்குப் பையனுக்குத் தெரியாத பாட்டு வரி என்று ஒன்று அங்கே கிடையாது.

1991 மார்ச்சில் டிமிட்ரி ஹெகமான் என்பவர், போருக்கு முன் வெர்ட்ஹைம் பல்பொருள் அங்காடி இருந்த இடத்தின் நிலவறைப் பெட்டகத்தில் டிரெசார் கிளப்பைத் தொடங்கினார். டிரெசார் என்றால் ஜெர்மன் மொழியில் பெட்டகம். அதன் இசைத்தட்டு நிறுவனத்தின் முதல் வெளியீடு டெட்ராய்ட்டின் அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் குழுவினருடையது. டெட்ராய்ட்டில் அறை இழந்த இசைக்கு பெர்லினில் அறை கிடைத்தது. இதை நன்றியோடு நினைப்பவர்கள் இரு ஊரிலும் உண்டு. ஆனால் பெர்லின் டெக்னோ ஜெர்மனியின் பாரம்பரியம் என்று செய்தி வரும்போது அதை உருவாக்கிய கறுப்பினக் கலைஞர்களின் பெயர் ஒரு வரியில் அடங்கிவிடுவது நியாயமில்லை என்ற குரலும் டெட்ராய்ட் பக்கமிருந்து எழுகிறது. அது நியாயமான குரல்.

லவ் பரேட் 1989 ஜூலையில் சுமார் 150 பேருடன் தொடங்கியது. 1999-இல் கூட்டம் 15 லட்சம் என்று கணக்கிட்டார்கள். பத்தே ஆண்டுகளில் ஓர் அறைக்குள் இருந்தது ஒரு நாட்டின் இளமை முழுவதற்குமான அடையாளம் ஆனது. 2010-இல் டுய்ஸ்பர்க் நகரில் நடந்த பரேடில் நெரிசலில் 21 பேர் இறந்தார்கள்; அத்துடன் அது நின்றது.

பழைய தட்டு ஏன் பழையதாவதில்லை?

பொதுவாக ஒரு தலைமுறையின் இசையைப் பாடகரும் சொல்லும் அந்தக் காலத்தோடு கட்டிப்போட்டுவிடும். டெக்னோவில் அந்தக் கட்டு தளர்வாக இருப்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்று உண்டு.

டெக்னோ தட்டுகள் தனியாகக் கேட்பதற்கு மட்டும் செய்யப்படுவதில்லை. முதல் ஒரு நிமிடமும் கடைசி ஒரு நிமிடமும் பெரும்பாலும் வெறும் தாளம்தான். ஒரு தட்டின் வாலும் அடுத்ததன் தலையும் ஒன்றன்மேல் ஒன்று படிவதற்காக விட்ட இடம் அது. டிஜேக்களின் பொதுக்கருவியாக இருந்த இசைத்தட்டுச் சுழற்றி, டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2, 1979-இல் வந்தது. அதன் ஓரத்தில் உள்ள தள்ளுவிசையால் தட்டின் வேகத்தை 8% வரை கூட்டலாம், குறைக்கலாம். 130 பிபிஎம்மில் பதிந்த 1993-ஆம் ஆண்டுத் தட்டை 140 வரை ஏற்றலாம். இந்த வாரம் செய்த இசைக்கோப்பு ஒன்றை அதன்மேல் அடி பிசகாமல் பொருத்தலாம். இரண்டும் ஒரே நேரத்தில் ஒலிக்கும். அப்பன் காலத்து அடியும் மகன் காலத்து அடியும் ஒரே அடியாகிவிடுகின்றன. ஆடுபவருக்கு எது எந்த ஆண்டு என்று தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. கணினி வந்த பிறகு இந்த 8% எல்லையும் போய்விட்டது.

கலைஞர்களுக்கும் இது பொருந்தும். பாடகரின் குரலில் வயது தெரியும். டிஜேக்கு வேண்டியது காதும் கையும் நினைவும். மூன்றும் அனுபவத்தால் கூர்மை பெறுபவை. ஜுவான் அட்கின்ஸும் இங்கிலாந்தின் கார்ல் காக்ஸும் 1962-இல் பிறந்தவர்கள். பெல்ஜியத்தின் சார்லோட் டி விட் 1992-இல் பிறந்தவர். முப்பது ஆண்டு இடைவெளி உள்ளவர்களை ஒரே விழா அறிவிப்பில் பார்ப்பது இங்கே சாதாரணம். கெவின் சாண்டர்சனின் மகன்கள் டான்டியஸ், டமாரி இருவருமே டிஜேக்கள்.

ஆடுபவர் நிலைப்பதற்குக் காரணம் நேரம். பெர்லினின் பெர்கைன் கிளப்பில் வாரக்கடைசி ஆட்டம் சனி நள்ளிரவில் தொடங்கித் திங்கள் காலை வரை நீளும். இருபது வயதுக்காரர் சனி இரவு வரிசையில் நிற்பார். ஐம்பது வயதுக்காரர் நன்றாகத் தூங்கி எழுந்து, சாப்பிட்டுவிட்டு, ஞாயிறு பிற்பகல் வருவார். ஒரே அறை, ஒரே ஆட்டம், இரண்டு வயதுக்கும் தோதான நேரம். பின்னிரவு முடியாதவர்களுக்காக வேறு ஊர்களிலும் ஏற்பாடுகள் வந்துவிட்டன. அயர்லாந்தைச் சேர்ந்த டிஜே ஆனி மேக் 2022 முதல் நடத்தும் ஆட்டங்கள் நள்ளிரவோடு முடிகின்றன. காதுக்கான கவலையும் முன்பைவிட இப்போது கூடுதல். கேளிக்கை இடங்களில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வரையறுத்தது. முதல் தலைமுறை ஆடிய காலத்தில் காதடைப்பான் பற்றி யாரும் பேசியதில்லை.

கதவு மூடியிருந்தபோது வயதுக்கு வந்தவர்கள்

2000-களில் வந்த தலைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மலிவு விலை விமானங்கள் ஐரோப்பிய நகரங்களை பெர்லினோடு இணைத்தன. வெள்ளி மாலை பார்சிலோனாவிலிருந்து கிளம்பித் திங்கள் வேலைக்குத் திரும்புவது நடைமுறையானது. 2001-இல் பெர்லினின் ஏபிள்டன் நிறுவனம் வெளியிட்ட லைவ் மென்பொருளால், மடிக்கணினி வைத்திருந்தவரெல்லாம் டெக்னோ செய்ய முடிந்தது. இசை மெலிந்தது, வேகம் குறைந்தது. மினிமல் என்று பெயர்.

அதற்கு அடுத்த தலைமுறையிடம்தான் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பெர்லின் கிளப்புகள் மூடின. உள்ளரங்க ஆட்டம் கட்டுப்பாடின்றித் திரும்ப 2022 ஏப்ரல் ஆயிற்று. இந்த இரண்டு ஆண்டுகளில் பதினெட்டு வயதானவர்களை யோசித்துப் பாருங்கள். முந்தைய தலைமுறைகள் கிளப்பைக் கற்றது கிளப்பில்தான். எங்கே நிற்பது, பக்கத்தில் ஆடுபவருக்கு எவ்வளவு இடம் விடுவது, மயங்கி விழுந்தவரை எப்படிக் கவனிப்பது, யாரையும் அனுமதியின்றித் தொடக்கூடாது என்பதெல்லாம் எழுதி வைத்த விதிகள் அல்ல. மூத்தவர்களைப் பார்த்து இளையவர் கற்றவை. ரேவ் எனப்படும் விடிய விடிய நடக்கும் ஆட்டங்களின் உலகத்தோடு தொடக்கத்திலிருந்தே போதைப்பொருளும் ஒட்டி வந்திருப்பதால், இந்தக் கற்றலின் ஒரு பகுதி உயிர் காக்கும் கற்றல்.

இந்தப் பிள்ளைகள் டெக்னோவைக் கற்றது திரையில். பெர்லின் கிளப்புகள் மூடிய சில நாட்களிலேயே யுனைடெட் வி ஸ்ட்ரீம் என்ற பெயரில் காலி அரங்குகளிலிருந்து நேரலை தொடங்கியது. ஓடு பதித்த ஒரு சிறு அறையிலிருந்து டிஜேக்களை ஒளிபரப்பும் ஹோர் பெர்லின் உலகம் முழுதும் பரவியது. திரை இசையைத் தந்தது. பக்கத்தில் ஆடும் நாற்பது வயதுக்காரரைத் தரவில்லை. டிக்டாக்கின் சில நொடிகளில் கவனத்தைப் பிடிக்க வேகமும் அதிரடித் திருப்பமும் தேவை. ஆகவே அங்கே ஏறி வந்தது 145, 150, அதற்கும் மேல் ஓடும் ஹார்ட் டெக்னோ.

வேகச் சண்டை

கிளப்புகள் திறந்தபோது இரண்டு தலைமுறையும் ஒரே ஆடுகளத்தில் மோதிக்கொண்டன. மூத்தவர்களின் குறைகள்: வேகம் மிதமிஞ்சிப் போய்விட்டது, பழைய பாப் பாட்டுகளை வேகப்படுத்திச் சேர்க்கிறார்கள், கைபேசியைத் தூக்கிப் படமெடுக்கிறார்கள், டிஜேயைப் பார்த்து நிற்கிறார்கள், ஒருவரையொருவர் பார்த்து ஆடுவதில்லை.

வேகம் பற்றிய குறையில் மூத்தவர்கள் பக்கம் நியாயம் குறைவு. 1990-களின் தொடக்கத்தில் ராட்டர்டாமில் பிறந்த கேபர் என்ற வகை 160-இலிருந்து 190 வரை ஓடியது. அதற்கு ஆடியவர்களுக்கு இன்று ஐம்பது வயதுக்கு மேல். இருபது வயது உடம்பு வேகத்தைக் கேட்கிறது, அன்றும் கேட்டது. 2000-களின் நிதானத்தையே டெக்னோவின் இயல்பு என்று நினைப்பது, நடுவில் வந்த ஒரு பத்தாண்டை முழுக் கதையாக எடுத்துக்கொள்வது.

கைபேசி விஷயத்தில் மூத்தவர்கள் சொல்வதே சரி. பெர்கைன் போன்ற இடங்களில் வாசலிலேயே கைபேசியின் கேமராவில் ஒட்டுத்தாள் ஒட்டிவிடுவது பிடிவாதத்தால் அல்ல. இந்தக் கிளப்புகளின் வேர்களில் ஒன்று தன்பாலீர்ப்பாளர்களின் இரவு வாழ்க்கை. அங்கே யாரும் தன்னைப் படமெடுக்க மாட்டார்கள் என்ற உறுதி பலருக்கு வேலையையும் குடும்பத்தையும் காத்த உறுதி. அதைவிட எளிய காரணமும் உண்டு: யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் யாரும் தன்னை மறந்து ஆடமாட்டார்கள். இதை மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று சொன்னால் இளையவர் ஒரே இரவில் புரிந்துகொள்வார். அதற்கு இருவரும் ஒரே அறையில் இருக்க வேண்டும். பேச்சு மறுபடி அறைக்கே வந்துவிடுகிறது.

அறைக்கு விலை யார் கொடுப்பது?

இங்கிலாந்து 1994-இல் இயற்றிய குற்றவியல் சட்டம், இரவில் திறந்தவெளியில் நூறு பேரோ அதற்கு மேலோ கூடும் ரேவ்களைக் கலைக்கக் காவல்துறைக்கு அதிகாரம் தந்தது. இசை என்பதை வரையறுக்கும்போது, அடுத்தடுத்துத் திரும்ப வரும் தாள அடிகளைக் கொண்ட ஒலிகளும் அதில் அடங்கும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதினார்கள். ஜெர்மனி வேறு வழியில் போனது. அந்த வழி மூன்று படிகளாக வந்தது:

1. வரி. கச்சேரி நுழைவுச்சீட்டுக்கு 7%, கேளிக்கைக்கு 19%. பெர்கைனில் நடப்பது எது? டிஜே கலைஞரா, தட்டு மாற்றுபவரா? 2016-இல் பெர்லின்-பிராண்டன்பர்க் நிதி நீதிமன்றம் அது கச்சேரியே என்றது. 2020-இல் நாட்டின் உச்ச வரி நீதிமன்றமும் டெக்னோ, ஹவுஸ் நிகழ்வுகளுக்குக் குறைந்த வரி பொருந்தும் என்று முடிவு செய்தது.

2. கட்டடச் சட்டம். அதன்படி கிளப்புகள் சூதாட்டக் கூடங்களோடும் பாலியல் விடுதிகளோடும் ஒரே வகையில் வைக்கப்பட்டிருந்தன. அவற்றை நாடக அரங்கு, அருங்காட்சியகம் போலக் கலாச்சார இடங்களாகக் கருத வேண்டும் என்று 2021 மே மாதம் நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. தீர்மானம் அரசிடம் வைக்கும் கோரிக்கை, சட்டம் அல்ல.

3. 2024-இன் பாரம்பரியப் பட்டியல்.

மூன்றும் மதிப்பைக் கூட்டின. மூன்றில் எதுவும் வாடகையைக் குறைக்கவில்லை. 1991-இல் பெர்லினின் நடுவில் யாருக்கும் வேண்டாத நிலம், இன்று ஐரோப்பாவின் விலை உயர்ந்த நிலங்களில் சேர்ந்துவிட்டது. அந்த விலையேற்றத்துக்கு இந்தக் கிளப்புகள் ஊருக்கு வாங்கித் தந்த பெயரும் ஒரு காரணம். கிளப்புகளின் கூட்டமைப்பான கிளப்கமிஷன் எடுத்த கணக்குப்படி, 2018-இல் சுமார் 30 லட்சம் சுற்றுலாப் பயணிகள் கிளப்புகளுக்காக பெர்லின் வந்து சுமார் 150 கோடி யூரோ செலவழித்தார்கள். அந்தப் பணத்தின் பெரும்பகுதி போய்ச் சேர்ந்தது விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் கடைகளுக்கும். வாட்டர்கேட் மூடும்போது சொன்ன காரணங்களில் வாடகைச் சுமை, விலைவாசி, கொரோனாவின் பின்விளைவு ஆகியவற்றோடு, அடுத்த தலைமுறையின் மாறிவிட்ட விருப்பங்களும் இருந்தன. நுழைவுச்சீட்டு விலை ஏறும்போது, மாதம் நான்கு முறை வந்த இளைஞர் ஒரு முறை வருவார். அந்தக் காசைச் சேர்த்து கோடையில் ஒரு பெரிய விழாவுக்குப் போவார். விழாவில் இசை கேட்கலாம். ஆயிரக்கணக்கானோர் மேடையைப் பார்த்து நிற்கும் திடலில், மூத்தவர் பக்கத்தில் நின்று பழகும் வாய்ப்பு அரிது.

டிரெசார் 2005-இல் தன் நிலவறையை இழந்தது. நிலம் கட்டுமானத்துக்குப் போனது. வெர்ட்ஹைம் இருந்த வளாகத்தில் இன்று பெரிய கடைத்தொகுதி நிற்கிறது. பெட்டகத்தின் இரும்புக் கம்பிகளையும் துருப்பிடித்த பெட்டிக் கதவுகளையும் பெயர்த்தெடுத்துக்கொண்டு கிளப் வெளியேறியது. 2007-இல், கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு பழைய அனல்மின் நிலையத்துக்குள் அவற்றை மறுபடி பொருத்தித் திறந்தார்கள். அப்போது பெர்லினில் அப்படி ஒரு காலி மின்நிலையம் மிச்சம் இருந்தது. ஹெகமான் அதன் பிறகு பல ஆண்டுகள் டெட்ராய்ட் போய் வந்தார். கைவிடப்பட்ட கார் ஆலை ஒன்றில் ஒரு கிளப் திறந்து, வாங்கிய இசையை அதன் சொந்த ஊருக்குத் திருப்பித் தர வேண்டும் என்பது அவர் விருப்பம்.